கனத்தையில் கல் உள்ளவர்களும் கல் இல்லாதவர்களும்

கொழும்பில் வாழ்ந்து மறைந்த தமிழர் ஒருவரின் மரண அறிவித்தலை வாசித்துப் பழகியவர்களுக்கு அதன் கடைசி வரிகள் மனப்பாடமாகவே இருக்கும். "அன்னாரின் பூதவுடல் நாளை பிற்பகல் பொரளை கனத்தை மயானத்தில் தகனம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று அது முடியும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு இணையத்தில் இந்த வரிகளை வாசிக்கும் நம்மவர்களுக்கும் கனத்தை என்றால் எந்த இடம் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இடம் எப்படி உருவானது, அங்கே யார் யாருக்குக் கல் நாட்டப்பட்டது, யார் யாருக்கு நாட்டப்படவில்லை என்பன பலரும் எண்ணிப் பாராத விடயங்கள்.

1990களின் நடுப்பகுதியில் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்த நாள் தொட்டு எத்தனையோ இறுதிக்கிரியைகளுக்காகக் கனத்தைக்குப் போயிருக்கிறேன். செய்தி சேகரிக்கப் போனவை சில. உறவுக்காகவும் நட்புக்காகவும் போனவை பல. இரங்கலுரைகள் நீண்டுகொண்டு போகும் வேளைகளில் பக்கத்துக் கல்லறைகளின் எழுத்துக்களை வாசித்துக்கொண்டு நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

கடற்கரையிலிருந்து பொரளைக்கு

கனத்தை இன்று கொழும்பு மாநகரின் நெரிசலான நாற்சந்திகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் பேஸ்லைன் வீதி; மறு பக்கம், முன்னர் புல்லர்ஸ் வீதி என அழைக்கப்பட்ட பௌத்தாலோக மாவத்தை. சுற்றிலும் மலர்ச்சாலைகள், மலர்வளையக் கடைகள், கல்லறைக்குக் கல் செதுக்குபவர்களின் பட்டறைகள். ஏறத்தாழ 48 ஏக்கர் பரப்புக் கொண்ட இந்த நிலம் மாநகரசபையின் பொறுப்பில் உள்ளது. ஆனால் மயானமாகத் தெரிவு செய்யப்பட்ட காலத்தில் இது நகரத்தின் வெளிவிளிம்பு. கோட்டையும் புறக்கோட்டையுமே அன்றைய கொழும்பு. கறுவாத் தோட்டங்களைத் தாண்டித்தான் பொரளைக்கு வரவேண்டும். "கனத்த" என்ற சிங்களச் சொல் முதலில் பயிர் செய்யப்படாத பற்றை நிலத்தையே குறித்தது. பொரளையில் மயானம் அமைந்து நிலைத்த பின்னர் அந்தச் சொல்லுக்கே மயானம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. தமிழர்களாகிய நாமும் அதைக் கனத்தை ஆக்கிக்கொண்டோம்.

அதற்கு முன்னர் கொழும்பின் ஆளும் வர்க்கத்தார் எங்கே புதைக்கப்பட்டார்கள்? ஒல்லாந்தர் காலத்தில் பெரிய மனிதர்கள் தேவாலயத் தரையின் கீழ் அடக்கம் செய்யப்பட்டனர். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் கைவிடப்பட்டபோது, அங்கே கிடந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் ஆங்கிலேயர் தீவட்டி ஊர்வலமாக வுல்வெண்டால் தேவாலயத்துக்குக் கொண்டு சென்றனர். வென்றவர் தோற்றவரின் எலும்புகளுக்கு மரியாதை செய்த நிகழ்ச்சி அது. நம் நாட்டு வரலாற்றில் அப்படியான நிகழ்ச்சிகள் அதிகமில்லை என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆங்கிலேயர் தமக்கென 1803இல் காலிமுகத்திடலின் தென்பகுதியில் ஓர் இடுகாட்டை அமைத்தனர். 1821இல் அது சமய முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் வந்து இருபது, முப்பது வயதில் இறந்துபோன அதிகாரிகள், அவர்களின் இளம் மனைவியர், பிறந்து சில மாதங்களில் மடிந்த குழந்தைகள் எனக் கடலோரத்து மணல் விரைவில் நிரம்பியது. 1860களின் தொடக்கத்தில் அங்கே இனி இடமில்லை என்றாயிற்று. நகரத்துக்குள் பிணம் புதைப்பது நோய்க்கு வித்து என்ற கருத்து ஐரோப்பாவில் வலுப்பெற்றிருந்த காலம் அது. பாரிஸ் நகரம் 1804இலேயே பெர் லாஷேஸ் மயானத்தை நகரின் எல்லைக்கு அப்பால் திறந்திருந்தது. லண்டனில் 1852ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் தேவாலய முற்றத்து இடுகாடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோற்றம் பெற்றது. குடிநீர், வடிகால், மயானம் ஆகிய மூன்றும் அந்தப் புதிய சபை முகங்கொடுக்க வேண்டியிருந்த கவலைகள். பொரளைப் பற்றை நிலம் நகரத்தின் பொது மயானமானது இந்தச் சூழலில்தான்.

காலிமுகத்திடல் இடுகாட்டின் கதை அத்தோடு முடியவில்லை. பாழடைந்து கிடந்த அந்த இடத்தின் எச்சங்களும் நடுகற்களும் 1920களில் கனத்தைக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. பொரளை மயானம் உருவாவதற்கு முன்னரே இறந்தவர்களின் கற்கள் இன்று பொரளையில் இருப்பதன் காரணம் இதுவே. அந்தக் கற்களில் இருந்த எழுத்துக்களை எல்லாம் ஊர் ஊராகத் திரிந்து பதிவு செய்தவர் சிவில் சேவை அதிகாரியான ஜே. பென்றி லூயிஸ். இலங்கையின் கல்லறைகள், நினைவுச் சின்னங்கள் பற்றிய அவருடைய தொகுப்பு 1913இல் கொழும்பில் வெளியானது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருந்த ஐரோப்பியர் கல்லறைகளும் அதில் அடங்கும். ஆளும் இனத்தார் தம்முடைய இறந்தோரை எவ்வளவு கவனமாகக் கணக்கெடுத்தார்கள் என்பதற்கு அந்த நூல் சான்று.

மயானத்துக்குள் ஒரு சமூகப் படம்

கனத்தையில் சமயத்துக்கு ஒரு பகுதி உண்டு. அங்கிலிக்கன் திருச்சபையினருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, பௌத்தருக்கு ஒன்று என்று எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. இந்துக்கள் இங்கே பெரும்பாலும் தகனத்துக்கே வருகிறார்கள். முஸ்லிம்களுக்குக் குப்பியாவத்தை, ஜாவத்தை போன்ற இடங்களில் வேறு மையவாடிகள் உள்ளன. இருந்தும் ஒரே மதிலுக்குள் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் ஐரோப்பியரும் அருகருகே கிடக்கும் இடம் கொழும்பில் இதுபோல் வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

வகுப்பு வேறுபாடு சமய வேறுபாட்டைவிடத் தெளிவாகத் தெரியும். இரும்பு வேலி சூழ்ந்த குடும்பக் கல்லறைகள், இறகு விரித்த சலவைக்கல் தேவதைகள், பட்டங்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்தும் நீண்ட எழுத்துக்கள் ஒரு பக்கம். சீமெந்துக் கட்டொன்றும் பெயரும் இரண்டு திகதிகளும் மட்டும் கொண்டவை இன்னொரு பக்கம். அதற்கும் வசதியில்லாதவர்களின் மண்மேடு சில மழைக்காலங்களில் தரையோடு தரையாகிவிடும்.

பறங்கியரின் கல்லறைகளைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு துயரம் தோன்றும். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. போனவர்கள் வீட்டை விற்றார்கள், தளபாடங்களை விற்றார்கள், கல்லறைகளை விட்டுவிட்டுப் போனார்கள். எண்ணெய் இட்டு விளக்கேற்ற யாருமில்லாத அந்தக் கற்களில் பாசி படர்ந்திருக்கிறது. ஒரு சமூகம் நாட்டைவிட்டு நீங்கிய வரலாற்றை அந்தப் பாசியில் வாசிக்கலாம். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் கல்லறைகளுக்கும் 1983க்குப் பின்னர் அதே கதிதான். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளில் படித்து, கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராகவும் வைத்தியராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் இருந்து ஓய்வுபெற்றவர்களின் தலைமுறை அது. பிள்ளைகள் இன்று கனடாவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கல்லில் உள்ள ஊர்ப் பெயரை உச்சரிக்கத் தெரியுமோ என்னவோ.

போர்க் கல்லறைகள் வேறு வகை. முதலாம், இரண்டாம் உலக யுத்தங்களில் மாண்ட படையினரின் கல்லறைகளைப் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கிறது. 1917இல் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழு ஆரம்பத்திலேயே ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டது. பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு பார்க்காமல் இறந்த ஒவ்வொருவரின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட வேண்டும். எல்லாக் கற்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே அது. ஏகாதிபத்தியம் உயிரோடு இருந்தவர்களைச் சமமாக நடத்தியதில்லை. இறந்தவர்கள் விடயத்திலும் ஆபிரிக்க, ஆசியப் படையினர் பலருக்கு அந்தக் கொள்கை சரிவரப் பின்பற்றப்படவில்லை என்பதை 2021இல் அந்த ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆனாலும் கொள்கை என்னவோ நல்ல கொள்கைதான்.

கனத்தையில் அதிகம் தேடிப் பார்க்கப்படும் கல்லறைகளுள் ஒன்று விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கினுடையது. 1956 முதல் இலங்கையைத் தமது வீடாக்கிக்கொண்ட அவர், 2008 மார்ச் 19இல் காலமானார். எந்தவிதச் சமயச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அவ்வாறே 22ஆம் திகதி அடக்கம் நடந்தது. தாம் ஒருபோதும் பெரியவனாகவில்லை, ஆனால் வளர்வதை நிறுத்தவுமில்லை என்ற பொருள்படும் வாசகத்தையே தமது கல்லுக்கென அவர் விரும்பியிருந்தார். எழுதத் தெரிந்தவர் தமக்குரிய கல்லெழுத்தைத் தாமே எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை.

எங்கள் கல்வெட்டு

இந்த இடத்தில் சைவத் தமிழரின் நிலையைச் சொல்ல வேண்டும். நாம் எரிப்பவர்கள். சாம்பல் கடலுக்குப் போகிறது. கொழும்பில் முகத்துவாரத்துக்கு, யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்கு. ஒன்றரை நூற்றாண்டாகக் கனத்தையில் எரியூட்டப்பட்ட இத்தனை தமிழருள் மிகப் பெரும்பாலானோருக்கு அங்கே ஓர் அடையாளமும் கிடையாது.

ஆனால் நாம் கல்லை மறந்துவிட்ட இனமல்லர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. அந்த நடுகல் மரபின் நிழல் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டியன்று வெளியிடப்படும் சிறு நூலுக்கு நாம் இட்ட பெயர் "கல்வெட்டு". இறந்தவரின் ஊர், குலம், கல்வி, தொழில், பிள்ளைகள், மருமக்கள் என்று எல்லா விபரமும் வெண்பாவும் விருத்தமுமாக அதில் இருக்கும். கடதாசியில் அச்சிட்டதைக் கல்வெட்டு என்று அழைக்கும் சமூகம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நூலகம் இணையத்தளம் இவ்வகை நினைவு மலர்களையும் கல்வெட்டுக்களையும் சேகரித்து மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. இது மிகப் பெரிய பணி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எங்கள் கடதாசிகள் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு அதன் பெறுமதி தெரியும்.

கல் இல்லாதவர்கள்

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இலங்கையின் வரலாற்றைத் திசைதிருப்பிய சில சம்பவங்கள் கனத்தையின் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்திருக்கின்றன. அவற்றை நினைவூட்டும் கற்களை அங்கே தேடினால் கிடைக்காது.

1915ஆம் ஆண்டுச் சிங்கள - முஸ்லிம் கலவரத்தை அடக்குவதற்கு ஆங்கிலேயர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தனர். கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியான எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞர் இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டு ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பகிரங்க மரியாதை எதற்கும் இடமளிக்காமல் கனத்தையில் அவரது உடலைப் புதைத்தது அரசு. புதைகுழி மக்கள் கூடும் இடமாகிவிடக் கூடாது என்பதில் ஆட்சியாளர்களுக்கு இருந்த அவதானம் புதிய விடயமன்று. பிற்காலத்தில் அவர் தேசிய வீரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார். கொழும்பில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அந்த அடக்குமுறையைக் கண்டித்து, யுத்த காலத்துக் கடலைக் கடந்து லண்டன் சென்று வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றனர் என்று நம் பாட்டன்மார் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பெருமைக்கு 68 ஆண்டுகளின் பின்னர், அதே ஜூலை மாதத்தில் வந்தது மறுமொழி. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். உடல்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பாமல் கொழும்புக்குக் கொண்டுவந்து கனத்தையில் ஒன்றாக அடக்கம் செய்வது என்று அரசு முடிவெடுத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் நடைபெற வேண்டிய அடக்கத்துக்காகக் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. உறவினர்கள் காத்திருந்தனர். அவர்களைச் சூழ ஆயிரக்கணக்கான சனம் சேர்ந்தது. உடல்களைச் சுமந்த விமானம் இரத்மலானைக்கு வந்து சேரவே இருட்டிவிட்டது. உடல்களைத் தங்களிடம் தரும்படி கேட்ட குடும்பத்தாரின் குரலோடு, வேறு நோக்கத்துடன் வந்தவர்களின் குரலும் கலந்தது. கடைசியில் கூட்டு அடக்கம் கைவிடப்பட்டது. மயானத்திலிருந்து வெளியேறிய கூட்டத்தில் ஒரு பகுதி பொரளைச் சந்தியை நோக்கி நடந்தது. தமிழருடைய கடைகள் அன்றிரவே எரியத் தொடங்கின.

நான் அப்போது பதினைந்து வயது மாணவன். திங்கட்கிழமை காலையில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நின்று பொரளைத் திக்கில் புகை எழுவதைப் பார்த்தது நினைவிருக்கிறது. நண்பகலுக்கு முன்னர் புகை எங்கள் ஒழுங்கைக்கே வந்துவிட்டது. பின்னர் முகாம், அதன் பின்னர் காங்கேசன்துறைக்குக் கப்பல். இது என் ஒருவனுடைய கதையன்று. இதை வாசிக்கும் பலருடைய கதையும் இதுதான். ஊரடங்குச் சட்டம் திங்கட்கிழமை பிற்பகலில்தான் அமுலுக்கு வந்தது. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றியது 28ஆம் திகதி. அந்த உரையில் பாதிக்கப்பட்ட தமிழருக்கு அனுதாப வார்த்தை ஒன்றும் இருக்கவில்லை. கனத்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே பேஸ்லைன் வீதியில் உள்ள வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மொத்தத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? அரசின் கணக்கு நானூறைத் தாண்டவில்லை. தமிழர் தரப்புக் கணக்கு மூவாயிரம் வரை போகிறது. பெயர்ப் பட்டியல் ஒன்று இல்லாத இடத்தில் எண்ணிக்கையும் தகராறுக்குரியதாகி விடுகிறது.

இறந்த 13 இராணுவத்தினரையும் நான் இந்தக் கணக்கிலிருந்து விலக்கவில்லை. வெட்டிய குழிகளுக்கு அவர்கள் வந்து சேரவில்லை. அவர்களின் பெற்றோர் கேட்டது பிள்ளையின் உடலைத்தான். அந்தத் துக்கத்தைக் களவாடித் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்தியவர்கள் வேறு ஆட்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, தென்னிலங்கையில் சிங்கள இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் ரோகண விஜேவீர உலப்பனையில் கைது செய்யப்பட்டார். மறுநாள் 1989 நவம்பர் 13இல் அவர் கொல்லப்பட்டார். கனத்தையின் தகனசாலையில் அவரது உடல் அவசரமாக எரிக்கப்பட்டது. அடக்கம் என்றால் இடம் ஒன்று இருந்திருக்கும். எரித்தால் இடம் இல்லை. 1915இல் ஆங்கிலேயர் கொண்டிருந்த அதே அவதானம் சுதந்திர இலங்கையின் ஆட்சியாளருக்கும் இருந்தது. அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் நாட்டின் ஜனாதிபதியானார். தம் தலைவனுக்குக் கல்லறை இல்லை என்ற வலி இன்று ஆட்சியில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"சண்டே லீடர்" பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்குக் கனத்தையில் கல்லறை இருக்கிறது. 2009 ஜனவரி 8இல் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அத்திடியவில் அவர் தாக்கிக் கொல்லப்பட்டார். 12ஆம் திகதி நடந்த அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். சிங்களப் பத்திரிகையாளரும் தமிழ்ப் பத்திரிகையாளரும் முஸ்லிம் பத்திரிகையாளரும் ஒரே இடத்தில் ஒரே அச்சத்துடன் நின்ற நாள் அது. வடக்கு கிழக்கில் நிமலராஜனையும் சிவராமையும் புதைத்தும் எரித்தும் பழகிவிட்ட எங்களுக்கு அந்த அச்சம் பழையது. கொழும்புச் சகாக்கள் பலருக்குப் புதியது. அந்தக் கல்லறையும் மூடியபடி இருக்க விடப்படவில்லை. ஆட்சி மாறியபின் விசாரணை மீண்டும் தொடங்கி, இரண்டாவது பிரேத பரிசோதனைக்காக 2016 செப்டெம்பர் 27இல் குழி தோண்டப்பட்டு உடல் வெளியே எடுக்கப்பட்டது. கல்லறை சாட்சி சொன்னது. தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை.

கடைசியாக 2020. கொரோனாவால் இறப்பவர்களின் உடல்கள் கட்டாயம் எரிக்கப்பட வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரல் மாதம் வர்த்தமானி வெளியானது. புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அரசு கேட்கவில்லை. முஸ்லிம் சமூகம் கெஞ்சியது, நீதிமன்றம் போனது, பலனில்லை. டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல் பெற்றோரின் சம்மதமின்றிக் கனத்தைத் தகனசாலையில் எரிக்கப்பட்டது. அதன் பின்னர் மக்கள் ஒவ்வொருவராக வந்து மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கபன் துணியின் அடையாளம் அது. முஸ்லிம்களோடு சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன; மீண்டும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அரசு பணிந்து அடக்கத்துக்கு அனுமதி அளித்தது. கிழக்கில் ஓட்டமாவடியில் அதற்கென இடம் ஒதுக்கப்பட்டது. அதற்குள் 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கனத்தையின் வரலாற்றில் நான் கண்ட மிக நேர்மையான நினைவுச் சின்னம் அந்த வெள்ளைத் துணிகள்தாம். அவற்றின் ஆயுள் சில நாட்கள் மட்டுமே.

ஒரு கல் போதும்

நினைவுச் சின்னங்களைப் பற்றி நம் நாட்டில் பேசினால் உடனே கோபம் வருகிறது. கல்லை நாட்டுவது அதிகாரம், பெயர்ப்பதும் அதிகாரம். யுத்தம் முடிந்தபின் வடக்கு கிழக்கில் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின்மேல் இராணுவ முகாம் கட்டப்பட்டது. இயக்கத்தின் அரசியலை ஏற்காத பெற்றோரும் தம் பிள்ளையின் கல்லைத் தேடி அலைந்தார்கள். யாழ்ப்பாண நகரின் புறத்தே அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் தகனமேடை அமைக்க 2025இல் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. சிறு பிள்ளைகளுடையவையும் அவற்றுள் அடக்கம். மயானத்துக்குள்ளேயே பதிவில்லாத புதைகுழி. கனத்தையின் 48 ஏக்கரில் உள்ள ஒவ்வொரு குழிக்கும் இலக்கம் இட்டுப் பதிவேடு வைத்திருக்கும் நாடுதான் இதுவும்.

1983 ஜூலைக்காக 2004ஆம் ஆண்டு ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அது மதிக்கத்தக்க செயல். ஆனால் கனத்தைச் சந்தியில் ஒரு கல்லும் எழவில்லை. நாற்பதாவது ஆண்டு நிறைவின்போது, 2023 ஜூலையில், பொரளையில் மெழுகுதிரி ஏற்றி அஞ்சலி செலுத்த வந்த வெவ்வேறு இனத்தவர்கள் எதிர்ப்பாளரின் கூச்சலையும் பொலிஸாரின் தடையையும் சந்தித்தார்கள். ஏற்றிய திரி எரிந்து முடிய விடுவதற்கே இத்தனை தயக்கம்.

காலிமுகத்திடலில் புதைக்கப்பட்ட அந்நியரின் கற்களை, அவர்களின் வாரிசு எவரும் இங்கே இல்லாத நிலையிலும், பெயர்த்துக் கொண்டுவந்து வைத்துப் பாதுகாத்த மயானம் இது. அதன் வாசலில் இன்னும் ஒரு கல்லுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குற்றச்சாட்டுப் பத்திரிகை போன்ற நீண்ட வாசகம் அதற்கு வேண்டியதில்லை. யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் கற்களைப்போல் எளிமையாக, மூன்று மொழிகளிலும், 1983 ஜூலை 24 என்ற திகதியும், அந்த வாரத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களுள் உறுதிப்படுத்தக் கூடியவையும் இருந்தால் போதும். பெயர்களைச் சேகரிக்கும் வேலையை அரசு தொடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த வாரத்தில் உறவினரை இழந்த குடும்பங்கள் பல இன்று உலகெங்கும் பரந்து கிடக்கின்றன. கண்டவர்களுக்கு எழுபதும் எண்பதும் வயதாகிறது. அவர்களிடம் இருந்து பெயரையும் வயதையும் இடத்தையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கடதாசியில் எழுதியதைக் கல்வெட்டு என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டுதானே.